அப்பாவின் கோட்டுப் போட்ட திருடன்

அருவங்காடு,
ஜனவரி 9, இரவு

அன்புள்ள செலஸ்டின் அக்காவுக்கு,

ஆண்டவர் இரக்கத்தில் நாங்கள் மூவரும் சுகம். ராஞ்சி மடத்தில் நீயும் மற்றச் சகோதரிகளும் சுகமாக இருக்கத் தினமும் ஜெபமாலையில் உன் பெயரைச் சொல்கிறோம். அம்மாவின் கைக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை, அதனால் இந்த மாதக் கடிதத்தையும் அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். வெந்நீரில் குளி, முழங்காலுக்கு எண்ணெய் தேய், மதரை எதிர்த்துப் பேசாதே, எல்லாம் அதில் இருக்கிறது. இந்தத் தாள் மட்டும் அம்மாவுக்குத் தெரியாது. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

போன மாதம் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜஸ்டஸ் மாமா வீட்டில் காஸ் சிலிண்டர் திருட்டுப் போனதிலிருந்து அப்பாவுக்குக் கேமரா பைத்தியம். குன்னூர் கடைவீதி ஜாகீர் அண்ணன், "ரெண்டு மாடலையும் மூணு நாள் மாட்டிப் பாருங்க, புடிச்சதை வெச்சுக்கங்க" என்று கொடுத்துவிட்டார். ஒன்று வயர் இழுத்து வைஃபையில் ஓடுவது, இரவில் எல்லாமே கறுப்பு வெள்ளை. மற்றது சோலார், உள்ளே சிம் கார்டு, ஆள் வந்தால் தானே விளக்குப் போட்டுக் கலரில் காட்டும். ஆள் தெரிந்தால் இரண்டும் அப்பாவின் போனுக்கு மணியடிக்கும். நேற்று மாலை பின்பக்கச் சுவரில் அருகருகே மாட்டினோம். அம்மா ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, திருடன் வரதுக்குள்ள நீங்க விழுந்தராதீங்க" என்றாள், எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

காலையில் போனைத் திறந்தால் வயர் கேமரா பதினேழு முறை மணியடித்திருந்தது. பத்து, வெறும் மூடுபனி நகர்ந்ததற்கு. மீதி ஏழிலும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒருவன் அசையாமல் நிற்கிறான். அப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "என் கோட்டையே போட்டுட்டு என் ஊட்டுப் பின்னாடியே நிக்கறான் பாரு!" என்று கத்தினார். சோலார் கேமரா இரவு முழுக்க மூச்சு விடவில்லை. "இது தூங்குமூஞ்சி, திருப்பிக் குடுத்தரலாம்" என்று அதற்குத் தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அக்கா, அது திருடன் இல்லை, உன் ஃபியூஷியா செடி. நவம்பரில் "காஞ்சு போச்சு, புடுங்கிப் போடு" என்று அப்பா சொன்னார். பிடுங்கிவிட்டேன் என்று பொய் சொல்லி, தொட்டியோடு கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். இப்போது அடியில் துளிர்த்திருக்கிறது. உறைபனிக்கு முன்பக்கச் செடிகளுக்கு அம்மா சாக்குப் போர்த்துவாளே, எனக்குச் சாக்கு மிஞ்சவில்லை. அப்பாவின் பழைய கம்பளிக் கோட்டை முட்டுக்கொம்பில் மாட்டி மேலே சின்ன வாளியைக் கவிழ்ப்பேன், விடிந்ததும் எடுத்து விறகுக்குள் திணிப்பேன். அப்பா சாப்பிட்ட பிறகுதான் கேமராவைப் போட்டார், அதற்குள் போர்த்திவிட்டேன். காலையில் அவர் அணைத்த பிறகே எடுத்தேன். நடுவில் கேமரா என்ன பார்க்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பால்காரர் லிங்கசாமி அண்ணன் போன வருடம், "அந்தக் கோட்டு சும்மாத்தானுங்க கெடக்குது, எனக்குக் குடுங்க" என்று கேட்டிருந்தார். அது அப்பாவுக்கு நினைவு வந்துவிட்டது. மாலைக்குள் நாலு வீட்டில் போனைக் காட்டி லிங்கசாமிதான் என்று சொல்லிவிட்டார். காலையில் பால் ஊற்ற வரும்போது பிடித்து வைத்துப் போலீசைக் கூப்பிடுவார்களாம். சொல்லிவிடலாம் என்று மூன்று முறை அப்பாவின் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பி வந்தேன். வாயால் சொல்லப் பயமாக இருப்பதால் கேமராவிடம் சொல்லப்போகிறேன். கோட்டோடு இரண்டுக்கும் முன்னால் நின்று, முகத்தைக் காட்டிவிட்டுச் செடிக்குப் போர்த்துவேன். எனக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லு.

போய் வந்துவிட்டேன். முதல் பட்டன் போடுவதற்குள் தூங்குமூஞ்சி விளக்கைப் போட்டுவிட்டது, உள்ளே போன் அலறியது. அப்பா உலக்கையோடு ஓடிவந்து என்னைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். பின்னால் வந்த அம்மா, "திருடனைப் புடிச்சாச்சுங்களா?" என்றதும் அப்பாவுக்குச் சிரிப்பு வெடித்தது, பிறகு எங்களாலும் நிறுத்த முடியவில்லை. அப்பா குனிந்து துளிரைத் தொட்டுப் பார்த்து, மீதிப் பட்டன்களைத் தானே போட்டார். "செடி எது மனுசன் எதுன்னு இந்தச் சோலாருக்குத் தெரிஞ்சிருக்குது, இதையே வெச்சுக்கலாம்" என்றார்.

இனி இந்தத் தாள் ரகசியமில்லை. உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிப்பதாக அப்பாவும் அம்மாவும் எழுதச் சொன்னார்கள். செடிக்கு எப்போது கிளை வெட்டுவது என்று மறக்காமல் பதில் போடு. படுக்கப் போனவளை அப்பா கதவருகே வந்து நிறுத்தினார். முகத்தில் சிரிப்பு இல்லை. "நாலு ஊட்டுக்கும் போயி நான் சொன்னது தப்புன்னு சொல்லோணும் கண்ணு, அப்பறம் லிங்கசாமிகிட்டயும். தனியாப் போக எனக்கும் பயமாத்தான் இருக்குது. நீயும் கூட வா" என்றார். ஐந்து மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.

உன் அன்புத் தங்கை,
அலீனா