எஸ்தருக்கு ஒரு கிணறு

1961 மே 1, திங்கள்

வெயில். காலை ஏழு மணிக்கே தரை சுடுகிறது. பட்டாசுக் கம்பெனிக்காரர்களுக்குக் கொண்டாட்டம், சரக்கு ஒரே நாளில் காய்ந்துவிடும். நம் வீட்டுக் கிணற்றில் வாளி தரை தட்டுகிறது.

செய்ய வேண்டியவை: கோவில் மணிக்கயிறு மாற்ற. காலாண்டு அறிக்கை. பள்ளிக்கூடத்து ஓடு, லீவு முடிவதற்குள். கடைவாய்ப் பல்லுக்குக் கிராம்பு.

எஸ்தர் பொழுது சாயும்போது விஸ்வநத்தத்திலிருந்து நடந்து வந்தாள். அங்கே ஒரு பாஸ்டர் ஓலைக் கொட்டகையில் கூட்டம் நடத்துகிறார். மூன்று மாதமாகப் போகிறாள். பாட்டுக் கேட்கத்தானே போகிறாள் என்று விட்டுவிட்டேன், புத்தி கெட்ட புருஷன். கஞ்சி ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

“பதினாலாந் தேதி ஞாயித்துக்கிழமை முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப் போறேன்.”

“யாரைக் கேட்டு?”

“கேக்கல. சொல்லுதேன்.”

துவையல் வேண்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். வேண்டித்தான் இருந்தது.

மே 2, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. அவளிடம் சொல்ல வேண்டியதை வரிசையாக எழுதினேன்.

1. குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவள். மூன்று கை தண்ணீரும் தண்ணீர்தான், முப்பது அடிக் கிணறும் தண்ணீர்தான்.
2. பேராயர் தலையில் கை வைத்துத் திடப்படுத்தியிருக்கிறார்.
3. இரண்டாவது எடுத்தால் முதலாவது பொய் என்றாகும். நற்கருணை நிறுத்தப்படும்.
4. நான் உபதேசியார், வாத்தியாரும். இந்த வீடு சபை வீடு.
5. ஊர் என்ன சொல்லும்.

ஐந்தாவதைத்தான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டுக் கீழே போட்டேன்.

பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே முழுவதும் கேட்டாள். “முடிஞ்சுதா?” என்றாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மே 3, புதன்

விஸ்வநத்தம் போனேன். வேதாகமத்தில் பதினோரு இடத்தில் காகிதம் செருகிக்கொண்டு. சண்டைக்குத்தான் போனேன், ஒளிப்பானேன்.

பாஸ்டர் முப்பத்தைந்து வயது இருப்பார். முன்னே சிவகாசியில் காலண்டர் அடிக்கும் பிரஸ்ஸில் வேலை. நகக்கண்ணில் இன்னும் நீல மை. எழுந்து நின்று, பாய் தட்டிப் போட்டு, மோர் கொடுத்தார். மோரைக் குடித்துவிட்டுச் சண்டை போடுவது கஷ்டம்.

“என் வீட்டுக்காரிக்கு என்ன சொல்லி மயக்கினீர்?” என்றேன்.

“நான் ஒண்ணும் சொல்லலயே அய்யா. அக்காதான் கேட்டாக. ஞானஸ்நானம் வாங்காம செத்துப்போன பச்சப்பிள்ள எங்கன இருக்கும்னு. ஆண்டவர் மடியில இருக்கும்க்கா, பிள்ளைக்கு எதுக்கு ஞானஸ்நானம், பாவம் தெரிஞ்சவுகளுக்குத்தான அதுன்னேன். அம்புட்டுதான். அக்கா அழுதாக. ரெம்ப நேரம் அழுதாக.”

பதினோரு காகிதத்தில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. திரும்பி நடந்தேன். செருப்பு வார் வழியில் அறுந்தது.

மே 4, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும். ஒன்பது வருஷம் முன்னால் எங்களுக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்து நான்கு நாள் இருந்தது. ஞானஸ்நானம் கொடுப்பது உபதேசியார் வேலை இல்லை; ஞாயிற்றுக்கிழமை குருப்பட்டம் பெற்ற ஐயர் டவுனிலிருந்து வந்து கொடுப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமை விடியும்போது போய்விட்டது. ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கு அடக்க ஆராதனை வாசிக்கக் கூடாது என்பது ஜெபப் புத்தகத்தில் இருந்த சட்டம். ஊரில் இரண்டு வீட்டுக்கு நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். என் பிள்ளைக்கு மட்டும் மாற்றினால் நாலு பேர் கேட்பார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, ஓடைப்பக்கம் நானே வெட்டிப் புதைத்தேன். மணி அடிக்கவில்லை. ஏட்டில் எழுதவில்லை. அதற்குப் பிறகு பிள்ளை இல்லை.

அன்று எஸ்தர் கேட்டாள், பிள்ளை எங்கே போயிருக்கும் என்று. “திட்டமாச் சொல்ல முடியாது” என்றேன். படித்ததைச் சொன்னேன். மறுபடி அவள் கேட்கவே இல்லை.

கிராம்பு வாங்கினேன். பயனில்லை.

மே 5, வெள்ளி

விருதுநகர் பஸ். நின்றுகொண்டே பயணம். ஐயரைப் பார்த்தேன். பழைய ஐயர் காலமாகிவிட்டார், இவர் புதியவர், சின்ன வயது, நல்ல மாதிரி. காபி வரவழைத்தார். எஸ்தர் விஷயம் சொன்னேன். பிள்ளை விஷயமும், முதல் தடவையாக வேறொரு மனிதரிடம்.

“ஐயோ பாவமே. அந்தச் சட்டத்தையெல்லாம் இப்ப நாங்க பார்க்கிறதில்ல உபதேசியாரே. பிள்ளைகளுக்கு ஜெபம் பண்ணி உள்ளேயே அடக்கம் பண்ணிடுறோம். ஆராதனை முறையே மாறிக்கிட்டு இருக்குல்ல.”

“எப்போதிருந்து ஐயரே?”

“அது வந்து... கொஞ்ச வருஷமாகவே.”

எனக்கு யாரும் சொல்லவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டேன். கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். இவ்வளவு லேசாக விடக்கூடிய சட்டம் என்றால் என்னை ஏன் அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வைத்தார்கள்?

எஸ்தர் விஷயத்தில் மட்டும் ஐயர் லேசாக இல்லை. “அம்மாவை எப்படியாவது நிறுத்துங்க. நீங்களும் போய் நின்னீங்கன்னா கமிட்டி உங்களை வேலையில வைக்காது. என் கையில இல்ல.”

மே 7, ஞாயிறு

ஆராதனை. நாற்பத்தொரு பேர். இன்று மழைக்கும் பயிருக்கும் ஜெபம் பண்ணும் ஞாயிறு. மழை வந்தால் கிணறு நிறையும், கிணறு நிறைந்தால் எஸ்தர் முங்குவாள். அரை மனதோடு மழை கேட்ட உபதேசியார் இந்தச் சீமையில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

மத்தியானம் ஐயர் சொன்னதை எஸ்தரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். “இப்ப சட்டம் மாறிட்டாம். பிள்ளைய உள்ளதான் சேத்துக்கிடுவாகளாம்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “அவன் வெளிய கிடக்கான்னு நான் ஒருநாளும் நெனைக்கலங்க. நீங்கதான் நெனச்சீக. அதுதான் எனக்கு ஆறல.”



மே 9, செவ்வாய்

அனல் காற்று. மணிக்கயிறு மாற்றினேன், புதியது கையை அறுக்கிறது.

பாஸ்டருக்குக் கிணறு கிடைக்கவில்லையாம். முதலில் ஒத்துக்கொண்ட தோட்டத்தில் முழங்கால் தண்ணீர். அடுத்ததில் சேறு. பெரிய நாயக்கரின் வடக்குக் கிணற்றில் மட்டும் நெஞ்சளவு உண்டு, ஆனால் அவர் பாஸ்டரை வாசலோடு அனுப்பிவிட்டார். ஐப்பசிக்குத் தள்ளி வைக்கலாம் என்று பேச்சு. எஸ்தரோடு தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்கள் இரண்டு பேர் காத்திருக்கிறார்களாம்.

எனக்கு நிம்மதி. வேலை பிழைத்தது, வீடு பிழைத்தது. ஸ்தோத்திரம் என்று வாய் சொல்லியே விட்டது. திரும்பினால் எஸ்தர் அடுப்புக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அடுப்பு எரியவில்லை. பிள்ளை போன அந்தச் சனிக்கிழமையும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

மே 11, வியாழன்

ஆண்டவர் பரமேறின திருநாள். ஆராதனைக்கு ஏழு பேர். எஸ்தர் வந்தாள்.

நான்காந் தேதி எழுதியதில் பாதிதான் உண்மை. மீதியையும் எழுதிவிடுகிறேன். ஆபத்துக்காலத்தில் உபதேசியாரே தண்ணீர் ஊற்றலாம், ஐயருக்குக் காத்திருக்க வேண்டாம். எனக்குத் தெரியும், நானே பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை விடியலில் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. செம்பில் தண்ணீர் எடுத்தேன். பக்கத்தில் போனேன். ஊற்றவில்லை. அதற்கு முந்தின வருஷம் வேறு வீட்டுப் பிள்ளைக்கு அப்படி ஊற்றி, அது பிழைத்துக்கொண்டது. பழைய ஐயர் சபைக்கு முன்னால் வைத்து, “நீர் என்ன குருவானவரா? என்ன அவசரம்?” என்று கேட்டார். அந்தக் குரல் காதில். நாளைக்கு ஐயர் வந்துவிடுவார், பிள்ளை பிழைத்துக்கொண்டால் மறுபடி ஏச்சு வாங்க வேண்டுமே என்று நின்றேன். பிள்ளை பிழைத்துக்கொண்டால் என்பதற்காகப் பயந்திருக்கிறேன். செம்பைக் கீழே வைத்தேன்.

எஸ்தர் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொன்னதில்லை.

மே 12, வெள்ளி

நாயக்கர் வீட்டுக்குப் போனேன். அவர் பையன்கள் இரண்டு பேருக்கும் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில்.

“வாங்க வாத்தியாரே. நீங்களுமா கிணறு கேட்டு வந்திருக்கீக? எனக்கு ஒண்ணு வெளங்கல. அம்மாவுக்கு முன்னமே ஆயிருக்குமில்ல? நீங்க ஊத்துன தண்ணி செல்லாதாக்கும்?”

“எனக்குச் செல்லும் நாயக்கரே. அவளுக்குப் போதல.”

“அப்ப நீங்க எதுக்கு வந்து கேக்கீக?”

“அவளுக்கு வேணும். அதான்.”

வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். கூட இறங்குகிற இரண்டு பெண்களும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டார். சொன்னேன். முகம் மாறியது. பிறகு, “அது வயலுக்கு இறைக்கிற கிணறுதான், குடிதண்ணி இல்ல. போயிட்டுப் போகட்டும். சோப்புப் போடக் கூடாது” என்றார்.

சோப்பு போட மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தேன்.

எஸ்தரிடம் சொன்னேன். கஞ்சிக்குத் தேங்காய்த் துவையல் அரைத்தாள், எனக்குப் பிடிக்கும் என்று காரம் தூக்கலாக. பல்வலியோடு தின்றேன்.

மே 14, ஞாயிறு

ஏழு மணி ஆராதனை முடித்தேன். முப்பத்தெட்டு பேர். கமிட்டிக்காரர் ஒருவர் வாசலில் நின்று, “வாத்தியாரம்மாவக் காணோமே?” என்றார். வடக்குக் கிணற்றுக்குப் போயிருக்கிறாள், நானும் போகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது.

ஒன்பது மணி. எஸ்தர் வெள்ளைச் சேலை கட்டி வேப்பமரத்தடியில் நின்றாள். மற்ற இரண்டு பெண்களும் பாஸ்டரும் படியில் இறங்கிவிட்டார்கள். பாட்டு கேட்டது. இவள் முறை கடைசி. பக்கத்தில் போய்ச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. செம்பு, தண்ணீர், பயம், எல்லாவற்றையும் உளறினேன். அழுதுவிட்டேன்.

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“நான் முழிச்சுத்தான் கிடந்தேன். செம்ப நீங்க கீழ வச்ச சத்தம் கேட்டுச்சு.”

“ஒன்பது வருஷமா ஏன் எஸ்தர் ஒண்ணும் கேக்கல?”

“நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்.”

கீழேயிருந்து பாஸ்டர், “அக்கா, வாங்க” என்றார்.

மாற்றுச் சேலையை என் கையில் கொடுத்துவிட்டு, வழுக்கும் படியில் என் தோளைப் பிடித்து ஒவ்வொன்றாக இறங்கினாள்.