இலந்தையைக் கழித்த வாரம்

ஏழாயிரம்பண்ணை,
14.5.2006

அன்புள்ள அத்தானுக்கு,

பாண்டிமீனா எழுதுவது. நானும் ஓவியாவும் சுகம். மஸ்கட் வெயிலில் உங்களுக்கு மூக்கில் ரத்தம் வருவது நின்றதா? தலைக்கு ஈரத்துண்டு கட்டிக்கொள்ளுங்கள். ஓவியா மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன.

கொல்லையில் நீங்கள் வைத்துவிட்டுப் போன ஒட்டு இலந்தையைப் போன வாரம் கழித்துவிட்டேன். சென்ற வருஷம் பாவம் பார்த்துக் கைவைக்காமல் விட்டதில், பழம் சுண்டைக்காய் அளவுதான் வந்தது. புதுக் கிளையில்தான் நல்ல காய்ப்பு என்று கன்று கொடுத்தவர் சொன்னது சரிதான். இந்தத் தடவை கை கூசவில்லை. ஒட்டுக்குக் கீழே முளைத்த காட்டுத் துளிரையும் அறுத்துவிட்டேன். முழங்கை வரை முள் கீறல். மரம் இப்போது நாலு குச்சியோடு மொட்டையாக நிற்கிறது.

அதைப் பார்த்த உங்கள் அண்ணன் மொக்கைச்சாமி, நான் இடத்தைக் காலி செய்வதாக நினைத்துவிட்டார். மறுநாள் காலையில் இரண்டு ஆட்களோடு, தகரமும் கோடாரியுமாக வந்து இறங்கினார். "தம்பி போன்ல சரின்னுட்டான். தீவாளிப் பட்டாசு ஆர்டர் நிக்கி. இங்கன செட் போட்டா, திரி வேலைய வீட்டுலயே பாத்துக்கிடலாம்" என்றார்.

வெட்டிய முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்த நான் கை அரிவாளைக் கீழே போடவில்லை. "பெரியத்தான், இது காய்க்கிறதுக்குக் கழிச்சது. மரத்துல கோடாரி பட்டா நேரா போலீசுக்குத்தான் போவேன். வந்த வழியே போயிருங்க" என்றேன்.

"பொம்பளைக்கு அம்புட்டுத் திமிரா?" என்றார்.

"ஆமா, அம்புட்டுத்தான்" என்றேன்.

பக்கத்து வீட்டு இருளம்மாள் அக்கா வந்து மரத்தடியில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்கள் தகரத்தைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்கள்.

எங்கள் அப்பா வீட்டுக் கொல்லையிலும் இப்படித்தான் ஒரு செட் போட்டார்கள். அதில் திரி வெட்டிக்கொண்டிருந்த என் தங்கை பானுப்பிரியாவுக்குப் பதினாறு வயது. கூரைத் தகரம் அடுத்த தெருவில் போய் விழுந்தது. அன்றைக்கு நீங்களும் வந்திருந்தீர்கள்.

கம்பெனி வேலைக்குப் போகமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை படுக்கிற சுவருக்குப் பின்னால் வெடிமருந்து வைக்க விடமாட்டேன், அவ்வளவுதான்.

நீங்கள் போனில் சரி என்றீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. சொல்லியிருந்தால், உங்கள் வாயாலேயே அண்ணனிடம் மாற்றிச் சொல்லுங்கள். எனக்குச் சமாதானம் எழுத வேண்டாம். மாற்றிச் சொல்லாவிட்டாலும் என் பதில் இதுதான். ஆனாலும் சொல்லிவிடுங்கள், அத்தான். நீங்கள் ஊர் வரும்போது உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆசைப்படுகிறேன்.

உங்கள்,
பாண்டிமீனா