சாமிக்குப் பயந்தவர்

பிப்ரவரி 8, செவ்வாய்

மாரியம்மன் கோயிலில் இன்று காப்புக் கட்டு. அம்மா கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில், வார்டில் எனக்கு எதிராக நிற்கும் சபரிநாதனும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார். மஞ்சள் கயிறு, அதில் ஒரு விரலி மஞ்சள். பெண்கள் குலவை போட்டார்கள். படமெடுக்க மூன்று பேர்.

சுயேச்சை வேட்பாளர் கயல்விழிக்கு அவள் வீட்டிலேயே ஓட்டு இல்லை. நாமகிரிப்பேட்டையே சிரிக்கும்.

"அவருக்கு ஏம்மா போடறே?"

"சாமிக்குப் பயந்தவரு கண்ணு. திருட மாட்டாரு. நீ யாருக்குப் பயப்படறே, சொல்லு?"

பிப்ரவரி 10, வியாழன்

சாக்கடை, குடிதண்ணீர், தெருவிளக்கு — எல்லாம் பேசியாயிற்று. நன்றாகத் தலையாட்டுகிறார்கள். பிறகு, "அவரு காப்புக் கட்டியிருக்காருங்களே" என்கிறார்கள்.

மூட நம்பிக்கை என்று எழுதி அடித்துவிட்டேன். சோம்பேறிப் பதில். அம்மா கொடுத்த மனு எதற்காவது பேரூராட்சி பதில் போட்டதா? போலீஸ் அவளை உட்காரச் சொன்னதா? ஓட்டு வாங்கிப் போனவனைப் பிடித்து நிறுத்த அவளிடம் என்ன இருக்கிறது? தான் பயப்படும் சாமிக்கு அவனும் பயப்படுகிறான் என்பது மட்டும்தான். அவளுக்குக் கிடைத்த ஒரே ஜாமீன் அது. முட்டாள் இல்லை அவள்.

ஆனால் ஜாமீன் போலி என்றால்?

பிப்ரவரி 12, சனி

எதிர்வீட்டு ஆண்டி மாமா இறந்துவிட்டார். அவர் மனைவி சின்னாயி அத்தை கதறுவது தெருமுனை வரை கேட்டது. அம்மாவுக்கு இருக்கிற ஒரே சிநேகிதி. காப்புக் கட்டியவர்கள் சாவு வீட்டுக்குள் போகக்கூடாது. அம்மா எங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே நின்று அழுதாள்.

சபரிநாதன் ஆளிடம் மாலை கொடுத்தனுப்பினார். "காப்புக் கட்டியிருக்கறதால எழவூட்டுக்கு வரக்கூடாதுன்னு சொல்லச் சொன்னாருங்க."

"பாத்தியா?" என்றாள் அம்மா, அழுகைக்கு நடுவிலும்.

தூக்கும்வரை நான் அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஓட்டுக்காகவா? கொஞ்சம் அதற்கும்தான். இங்கே பொய் எழுத மாட்டேன்.

பிப்ரவரி 15, செவ்வாய்

பக்கத்து வீட்டு மாரக்காள் செல்போனை நீட்டிக்கொண்டு வந்தாள். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மில் முதலாளி செத்துப்போனாராம். நேற்று அங்கே எடுத்த படத்தில், பிணத்துக்கு மாலை போடுகிறார் சபரிநாதன். முழுக்கைச் சட்டை, காப்பு தெரியாதபடி மணிக்கட்டில் பொத்தான். அவர் ஆட்களே பெருமையாகப் போட்ட படம். அதில் தப்பு இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

பெரிய வீட்டுப் பிணத்துக்குத் தீட்டு இல்லை போல!

"நோட்டீஸ் அடிக்கறேன்" என்று குதித்தேன்.

"எதுக்கு காசைக் கரியாக்கறே? தெருவுல எல்லாப் பொம்பளைக போன்லயும் ஓடுது" என்றாள் மாரக்காள்.

அம்மா போனை வாங்கிப் பார்த்தாள். "நான் சின்னாயி கையைக்கூடப் புடிக்கலியேடி" என்றாள்.

பிப்ரவரி 17, வியாழன்

அம்மா ஒரு மஞ்சள் கயிறோடு வந்தாள். "கட்டிக்கோ. பொம்பளைக நாங்க பேசிட்டோம். இதைக் கட்டிட்டு ஒரு சுத்து வா, போதும்."

கையை நீட்டினால் வார்டு என்னுடையது. கை அரித்தது, உண்மை.

"கும்பிடாத சாமிக்குக் கட்டினா அவருக்கும் எனக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"அப்பறம் யாருக்குத்தாண்டி பயப்படுவே நீ?"

"உனக்கு. சின்னாயி அத்தைக்கு. மாரக்காள் வாய்க்கு."

அவள் சிரிக்கவில்லை. கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

கெடுத்துக்கிட்டனா? தெரியல. மறுபடி கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்.

பிப்ரவரி 19, சனி

வாக்குப்பதிவு. அம்மா யாருக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 6, ஞாயிறு

விடிவதற்குள் அம்மா போர்வையைப் பிடித்து இழுத்தாள். குழாயில் நாலு நாளாகத் தண்ணீர் இல்லை. வாசலில் காலிக்குடங்களோடு தெருப் பெண்கள் எல்லாரும்.

"என்னங்க கவுன்சிலரம்மா, இன்னும் தூக்கமுங்களா?" — மாரக்காள்.

அம்மா கையில் இப்போது காப்பு இல்லை. அந்தக் கையால் சின்னாயி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பயமா இருக்குதா கண்ணு?"

"இருக்குதும்மா."

"செரி. மூஞ்சியைக் கழுவிட்டு வா."