மேஸ்திரி பூட்டி வைத்த வெப்பமானி

என் வீட்டு மகாராணிக்கு,

முட்டிவலி தேவலையா? நானும் என் தொப்பையும் சௌக்கியம்.

போன வாரம் கட்டட வேலையில் வெயில் தாளாமல் லேசாகத் தலைசுற்றி உட்கார்ந்தேன், பதறாதே. எங்கள் மேஸ்திரியோ, "வெயிலெல்லாம் வெறும் பிரமைய்யா!" என்று வெப்பமானியைக் கழற்றி அலமாரியில் பூட்டிவிட்டார். எங்களோடு பேச கம்பெனி அனுப்பிய மனநல டாக்டரம்மா அதைக் கேட்டு, "தாங்க முடியாத பயத்தை மனசு இப்படித்தான் ஒளிச்சு வைக்கும்" என்றார்.

என் வாய் சும்மா இருக்குமா? "அண்ணே, உங்களுக்கா பயம்?" என்று மேஸ்திரியிடமே கேட்டுவிட்டேன். அறைவார் என்று பார்த்தால், "பேத்தி பொறந்திருக்காய்யா. வருஷா வருஷம் இப்படிச் சூடு ஏறினா அவ எப்படி வாழ்வா?" என்று உடைந்துவிட்டார்.

மறுநாளே வெப்பமானி வாசலில் தொங்கியது. உச்சிவெயில் வேலை ரத்து. ஜெயித்துவிட்டோம்!

எனக்கும் அதே வியாதிதான். போனில் நம் கிணற்றைப் பற்றி மட்டும் கேட்காமல் நழுவுவேன். இப்போது தைரியம் வந்துவிட்டது. எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது? மறைக்காமல் எழுது. வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான், ஓடுகிறேன்.

உன் வாயாடி