நடுவிலே பூச்சியம்

நவம்பர் 19, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. குடையில் இன்னொரு கம்பி போய்விட்டது. பேக்கரி வாசலில் பாண் வரிசையில் பாதிக் காலை. கிடைத்தது அரை றாத்தல், அதிலும் அடி கருகல்.

செய்ய: 9ஆம் வகுப்பு விடைத்தாள். நீலச் சேலைக்கு ஃபோல்ஸ் தைக்க. பேராதனைப் பேராசிரியரின் தேற்றத்தைச் சுத்தமாக எழுதி முடிக்க.

சனிக்கிழமை பேராதனையில் பேரா. பேச்சு. தேற்றம் அவர் பேரில், எழுத்துவேலை என் தலையில். பரவாயில்லை. பேச்சு நன்றாகப் போனால் லண்டனில் உள்ள தன் பழைய சிநேகிதருக்கு எனக்காகச் சொல்வார். மூன்று வருட ஆராய்ச்சி இடம். அவர் வாய் திறக்காவிட்டால் மாத்தளைக் கணக்கு டீச்சரை யார் சீந்தப் போகிறார்கள்.

அண்ணன் மறுபக்கம் நெருக்குகிறான். அலுவிகாரை ஹாட்வெயார் கடைக்காரர் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரும்போது பதில் சொல்ல வேண்டுமாம். "முப்பத்தொண்ணு ஆச்சு உனக்கு. அவங்க எத்தனை நாளைக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க?"

காத்திருக்கச் சொன்னது யார்?

மாலை அண்ணி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே, "அப்படி என்னத்தம்மா எழுதித் தள்ளுற?" அவள் கையில் இருந்த மாவைக் காட்டியே சொன்னேன். மாவை இழுக்கலாம், திருப்பலாம், பழையபடி கொண்டுவரலாம். ஒரே கோடாக நசுக்கிவிட்டால் முடிந்தது, மீட்க முடியாது. அந்த இழுப்பையும் திருப்பையும் எண் கட்டமாக எழுதுவதுதான் தாயம், மேட்ரிக்ஸ். மீட்க முடியுமா என்று சொல்லும் எண் துணிகோவை. அது பூச்சியமானால் நசுங்கியது என்று அர்த்தம். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு தாயம், எல்லாம் கரடுமுரடு. அதை வழவழப்பாக்க வேண்டும், ஆனால் ஓரிடத்திலும் நசுங்கக் கூடாது. எப்போதும் முடியும் என்பதுதான் பேரா.வின் தேற்றம்.

"முரட்டு ஆளை வழிக்குக் கொண்டாந்து, ஆளும் கெடாம இருக்கணும். அதானே? நடக்காதும்மா. உங்கண்ணனோட பன்னெண்டு வருஷமாப் பாக்குறேன்."

சிரித்துவிட்டேன். இந்த வீட்டில் தேற்றம் புரிந்தது அவளுக்குத்தான்.

நவம்பர் 20, செவ்வாய்

தூறல். பள்ளியில் அதிபரோடு சுண்ணக்கட்டிச் சண்டை. வீட்டுக்கு: மண்ணெண்ணெய், கொத்தமல்லி (கிடைக்கவில்லை).

அண்ணியின் நேர்த்திக்கடனுக்காக அம்மன் கோயில். எனக்கு நல்ல புத்தி வர வேண்டுமென்று நேர்த்தி! தூணோரம் உட்கார்ந்து பிரகாரம் சுற்றும் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருத்திக்கும் நடக்கும் திசையில் முகம். ஒரு சுற்று முடிந்தால் முகமும் ஒரு முழுச் சுற்றுத் திரும்பியிருக்கும். வட்டத்தைச் சிறிதாக்கினால்? அப்போதும் முழுச் சுற்று. இன்னும் சிறிதாக்கினால்? அதேதான். அப்படியானால் நட்ட நடுவில் நிற்பவள் எந்தப் பக்கம் பார்ப்பாள்?

வட்டத்தின் எதிரெதிர்ப் புறங்களில் நடப்பவர்கள் எதிர்த் திசை பார்க்கிறார்கள். எல்லார் பார்வையையும் கூட்டிச் சராசரி எடுத்தால் யாரும் எங்கும் பார்க்கவில்லை.

திருநீறு வாங்காமலே எழுந்துவிட்டேன். அண்ணி பின்னால் கத்திக்கொண்டே வந்தாள்.

விடைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும் தாயம், துணிகோவை +1. அரைச் சுற்றுத் திருப்பும் தாயம், அதற்கும் +1. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் முழுப் பூச்சியம். நேர் எண்கள் இரண்டின் சராசரி நேர் எண்தான். தாயங்களுக்கு அந்த நியாயம் இல்லை. வழவழப்பாக்குவது என்றாலே பக்கத்துப் பக்கத்தைச் சராசரி எடுப்பதுதான். துணிகோவை எல்லாம் ஒரே குறி, ஆகவே சராசரியும் நசுங்காது என்று பேரா. ஒரே வரியில் எழுதியிருக்கிறார். நானும் இரண்டு மாதமாக அந்த வரியை அழகாகப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். கழுதைகள் இரண்டு.

கோயில் சுற்றையே தாயமாக எழுதினேன். முரட்டுத்தனத்தை அளக்கும் சோபொலெவ் வெளிகளில் அதற்கு ஓர் அடுக்கு எண் உண்டு. அடுக்கு கூடினால் முரடு குறையும். தளத்தில் இரண்டுக்குக் கீழே எந்த அடுக்கிலும் என் கோயில் சுற்று உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதை ஒட்டி வரும் வழவழப்பான எதுவும் நடுவில் எங்கேயோ நசுங்கியே தீரும். தப்ப வழியில்லை.

ஆக, தேற்றம் பொய்.

முதலில் ஒரே சந்தோஷம். அப்புறம்தான் லண்டன் ஞாபகம் வந்தது.

நவம்பர் 21, புதன்

லீவு. கண்டி பஸ்ஸில் நின்றுகொண்டே. அங்கிருந்து பேராதனை. செருப்பு வார் அறுந்தது, ஊசி குத்திச் சமாளித்தேன்.

பேரா.வுக்கு முதலில் சிரிப்பு. "என்ன கமலா, ரெண்டு துணிகோவையும் நேர் எண்தானே?" கரும்பலகையில் கூட்டிக் காட்டினேன். பூச்சியத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பூச்சியம் அங்கேயே இருந்தது.

கோயில் கதையைச் சொன்னேன். பிரகாரம், பெண்கள், நடுவில் நிற்பவள், எல்லாம்.

கரும்பலகையை அழித்துக்கொண்டே, "நீர் சொல்றது சரி. எண்டாலும் சனிக்கிழமை ஒருத்தரும் இதைக் கேக்க மாட்டினம். தேற்றம் அப்பிடியே இருக்கட்டும். 'வேண்டிய நிபந்தனைகளோட' எண்டு ஒரு வசனம் போடுவம். உமக்கும் வேணாம், எனக்கும் வேணாம், நடுவில நிப்பம்."

"நடுவுலதான் சேர் பூச்சியம்."

அவர் முகம் சுண்டிவிட்டது. "நீர் களைச்சுப் போனீர். வீட்டில ஏதும் கலியாணப் பேச்சோ?"

ஒரு மனுஷி சரியாகச் சொல்லிவிட்டால் உடனே கல்யாணப் பேச்சோ, களைப்போ. வேறு காரணமே இருக்க முடியாது.

நவம்பர் 22, வியாழன்

வெயில். துணி காய்ந்தது. அதுவரைக்கும் சந்தோஷம்.

பலாபத்வலயிலிருந்து மாமா. சமாதானம் பேசுவதில் ஊருக்கே பேர்போனவர். பலகாரத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அண்ணனிடம் ஆரம்பித்தார். "மூணு வருஷம்ங்கிறா. நீ வேணாம்ங்கிற. ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்குடுங்க. கல்யாணத்தைக் கட்டட்டும். ஒரு வருஷம் கழிச்சு ஆறு மாசம் போயிட்டு வரட்டும்."

ஆறு மாதத்தில் அந்த ஊர்க் குளிர் பழகவே சரியாக இருக்கும்.

அண்ணன்: "மாப்பிள்ளை வீட்டுல ஒத்துக்கணுமே. இங்கேருந்தே புஸ்தகத்தைப் பாத்துப் படிக்கட்டும்."

மாமா: "சரி, அப்ப அவங்களுக்காக இதையும் விட்டுக்குடுப்போம். என்னம்மா? நியாயந்தானே?"

எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள், எல்லாம் என்னுடையதை. போவதற்கும் போகாததற்கும் சராசரி போட்டு முடித்தபோது நான் வீட்டோடு இருந்தேன். மாமாவுக்குப் பெருந்திருப்தி. இரண்டாவது தட்டு முறுக்கு.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான். சம்மதம் என்று நான் சொல்லவே இல்லை என்பதை எவரும் கவனிக்கவில்லை.

நவம்பர் 23, வெள்ளி

மறுபடி மழை. ஸ்டாஃப் றூம் ஒழுகுகிறது. மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓய்வுப் பாடவேளையில் உட்கார்ந்தேன்.

அடுக்கு இரண்டுக்கு மேல் எளிது, பேரா.வுக்கே தெரியும். இரண்டுக்குக் கீழ் என் கோயில் சுற்று கெடுத்துவிட்டது. சரியாக இரண்டில்? அதுதான் யாரிடமும் இல்லை.

வந்துவிட்டது! சரியாக இரண்டு என்றால், வட்டம் சிறுக்கச் சிறுக்க அதற்குள் உள்ள தாயங்கள் தங்கள் சராசரியை விட்டு வெகுதூரம் அலைய முடியாது. ஆகவே சராசரி, அங்கேயே உள்ள ஏதோ ஓர் உண்மைத் தாயத்தின் அருகில்தான் நிற்கும். தாயங்கள் எல்லை மீறிப் பெருகாமலும், துணிகோவைகள் பூச்சியத்திலிருந்து விலகியும் இருந்தால் போதும், எங்கும் நசுங்காது. வழவழப்பாக்கலாம், மீட்கவும் முடியும். மூன்று பக்கம். மூன்று தடவை சரிபார்த்தேன்.

அழகு. வேறு சொல் இல்லை. பக்கத்து மேசை சிங்கள டீச்சர், "மொக்கத மிஸ், ஹினாவென்னே?" ஏன் சிரிக்கிறீர்கள் என்கிறாள். என்னவென்று சொல்வது!

நாளை பேச்சுக்கு முன்னால் பேரா.விடம் கொடுத்துவிட வேண்டும். அவர் மானமும் தப்பும், எனக்கும் வழி பிறக்கும்.

நவம்பர் 24, சனி

நீலச் சேலை. பஸ் தாமதம். போய்ச் சேர்ந்தபோது பேச்சு தொடங்கிவிட்டது. பின்வரிசை.

பேரா. தேற்றத்தைத் திருத்தியிருந்தார். இரண்டுக்கு மேல் உண்மை, இரண்டுக்குக் கீழ் பொய். நல்ல மனுஷர், நேர்மையாக வந்துவிட்டார் என்று நெஞ்சு குளிர்ந்தது. பிறகு கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டார். யாழ்ப்பாணத்தில் தன் ஊர்க் கோயிலில் ஒரு மாலை நின்றாராம். பெண்கள் வீதி சுற்றினார்களாம். நடுவில் நிற்பவள் எந்தப் பக்கம் பார்ப்பாள் என்று திடீரென்று தோன்றியதாம்.

சபையில் ஒரு 'ஆகா'.

எடுத்ததுதான் எடுத்தார், கோயிலையாவது மாத்தளையில் விட்டிருக்கலாம்.

கேள்வி நேரம். கொழும்பிலிருந்து வந்த நரைத்த தலை ஒன்று எழுந்தது. "சரியாக இரண்டில் என்ன ஆகும்?" பேரா. சுண்ணக்கட்டியை உருட்டினார். மேற்கூரையைப் பார்த்தார். அப்புறம் என்னைக் கண்டுகொண்டார். வந்ததிலிருந்து அப்போதுதான். என் மாணவி ஒருத்தி உதவியாக இதைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் சொல்லக்கூடும் என்றார். மொத்தத் தலைகளும் பின்னால் திரும்பின.

நேற்று எழுதிய மூன்று பக்கமும் மடியில், பைக்குள்.

எழுந்தேன். "தெரியாது சேர்," என்று உட்கார்ந்தேன்.

வெளியே தேநீர் மேசையடியில் பேரா. வந்தார். அதுவரை ஆங்கிலத்தில் பேசியவருக்குக் கோபத்தில் தமிழ் வந்துவிட்டது. "உமக்குத் தெரியும். உம்மட முகத்தில தெரிஞ்சது. லண்டனுக்கு நான் என்னெண்டு எழுதுறது?"

"நீங்க கோயில்ல நின்னதை எழுதுங்க சேர்."

லண்டன் முடிந்தது. திரும்பும் பஸ்ஸில் யன்னலோரம். கண்டியிலிருந்து மாத்தளை வரைக்கும் அழுதேன். மழைச் சாரல் என்று பக்கத்துக் கிழவர் நினைத்து யன்னலை இழுத்து மூடினார்.

வாயைத் திறந்திருக்கலாம். சொல்லியிருந்தால் அதுவும் அவர் ஊர்க் கோயிலுக்குப் போயிருக்கும். இரண்டு நினைப்பும் மாறி மாறி.

நவம்பர் 25, ஞாயிறு

மழை இல்லை. வீடெல்லாம் கழுவல். வருகிறவர்கள் உட்காரக் கடன் வாங்கிய கதிரை நாலு. அண்ணன் இனிப்பு வாங்க நேற்றே வரிசையில் நின்றானாம், என்னிடம் கேட்கக்கூட இல்லை.

வந்தார்கள். மாப்பிள்ளை சாது. என்னைவிட அதிகமாக அவருக்கு வியர்த்தது. பேச்செல்லாம் அம்மாக்காரி. "பொண்ணு கணக்குல கெட்டிக்காரின்னாங்களே. கடைக் கணக்கெல்லாம் பாத்துக்குமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இதையாவது கெடுத்துவிட வேண்டும் என்று வேண்டுமென்றே நிமிர்ந்து சொன்னேன்.

"தெரியாதுங்க."

அண்ணன் பல்லைக் கடித்தான். அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். அம்மாக்காரி மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மாமா பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவு படிச்சும் எப்படி அடக்கமா இருக்கு பாருங்க."

தை மாதமாம்.