டெனர் வரிசையில் ஓர் இடம்

இன்று காலை ஊசி போட வந்த நர்ஸ் பெண் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து என் கையைத் துடைத்தாள். அவள் போய் வெகுநேரமாகியும் அந்த வாடை அறையை விட்டுப் போகவில்லை. எனக்கு அது உன் ஊசியின் வாடை. என் கணவர் போன பிறகு இந்த வீட்டில் பேச ஆளில்லை. அதனால் உன்னிடம் பேசுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. தாம்பரத்துப் பள்ளியில் நீ கணக்கு டீச்சர், நான் ஆங்கிலம். உன் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதான பின், வாரம் இருமுறை மின்சார ரயிலில் உன்னைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவேன். டயாலிசிஸ் மெஷின் உன் இரத்தத்தைச் சுத்தம் செய்தது. ஆனால் உடம்பில் சதை தங்கவில்லை. உப்பில்லாச் சோறு, அளந்து வைத்த தண்ணீர், பாதி நாள் குமட்டல். உன் வளையல் முழங்கை வரை ஏறிக்கொண்டது.

ஒரு நாள் டாக்டர் சொன்னார்: “டீச்சர், இப்படியே இளைச்சா உடம்பு தாங்காது. வாரம் ஒரு ஹார்மோன் ஊசி போட்டுப் பாக்கலாம், சதை பிடிக்கும். ஆனா அது ஆம்பளைங்க ஹார்மோன். குரல் கட்டையாயிடலாம். நிறுத்தினாலும் பழைய குரல் வரும்னு சொல்ல முடியாது.”

“கணக்கு டீச்சருக்குக் கட்டைக் குரல் நல்லதுதான் டாக்டர். பின் பெஞ்சு அடங்கும்” என்றாய்.

வராந்தாவுக்கு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நம் ஆலயப் பாடகர் குழுவில் பெண்கள் வரிசையின் உச்சக் குரல் உன்னுடையது. குழுவை நடத்தியவள் நான்.

“பாட்டு போயிடுமேடி.”

“முதல்ல உயிரோட இரு. பாட்டை நான் பாத்துக்கறேன்.”

அந்த வார்த்தையை நம்பித்தான் நீ கையை நீட்டினாய்.

ஊசி வேலை செய்தது. சில மாதங்களில் இன்னொரு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். பிடித்துத் தைத்திருந்த உன் ஜாக்கெட்டுகளை நானே பிரித்து விட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் தையலையும் பிரித்ததில்லை. ஆனால் குரல் இறங்கிவிட்டது.

ஆண்கள் பாடும் டெனர் வரிசையில் அப்போது ஆள் குறைவு. ஒத்திகைக்கு வந்த நீ, “டெனர்ல ரெண்டே பேருதானே இருக்காங்க. எனக்கு இப்ப அது சுளுவா வருது. அங்க நின்னுக்கறேனே” என்றாய்.

“வாங்க சார்” என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

கான்வென்டில் வளர்ந்தவள் நான். வரிசை என்றால் வரிசை. என் குழுவைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. “பொம்பளைங்க அங்க நிக்கறதில்ல. நீ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு” என்றேன். சிரித்தவர்களை ஒன்றும் சொல்லவில்லை.

“சரி மிஸ்” என்றாய். அதுவரை என்னை நீ மிஸ் என்று அழைத்ததில்லை.

அடுத்த ஞாயிறு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாய். நான் குழுவைப் பார்த்தபடி, சபைக்கு முதுகு காட்டி நின்றேன். இரண்டாம் சரணத்தில் பின்னாலிருந்து டெனர் வந்தது, ஒரு ஸ்வரம் பிசகாமல். நீதான் என்று தெரிந்தும் நான் திரும்பவில்லை. ஞாயிறுதோறும் நீ பாடினாய். ஞாயிறுதோறும் நான் திரும்பவில்லை. வாரநாளில் ரயிலில் அருகருகே உட்கார்ந்து, பாட்டைத் தவிர எல்லாவற்றையும் பேசினோம்.

மறு வருஷ மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. உன் அடக்க ஆராதனையில் குழுவை நான்தான் நடத்தினேன். எல்லாரும் சரியாகப் பாடினார்கள். பாட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னது அங்கே என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

இப்போது முழங்கால் வலி. நானும் கடைசி பெஞ்சுக்கு வந்துவிட்டேன். இரண்டாம் சரணம் தொடங்கினால் கழுத்து தானாக விறைத்துக்கொள்கிறது. எனக்குப் பின்னால் சுவர்தான். இருந்தும் திரும்பிப் பார்க்கிறேன்.