உன் மனுசனின் தேர்தலும் உன் மகளின் கல்யாணமும்

என் ராசாத்தி தேவிக்கு,

உன் மனுசனின் முகம் இப்போது ஸ்காபரோவில் பாதி வீட்டுப் புல்தரைகளில் நிற்கிறது. மீசைக்கு மை அடித்து, கோட்டுப் போட்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். நானும் தொடக்கத்தில் சிரித்தேன்தான்.

ஓம் தேவி, சிவமண்ணை நகரசபைக்கு எலெக்சன் கேட்கிறார். கவுன்சிலராக வரவேண்டுமாம். நீ போன பிறகு தனிய இருந்த மனுசனை நாலு பேர் பிடித்து, "உங்களைப்போல ஆக்கள்தான் அண்ணை வரவேணும்" என்று உருவேற்றிவிட்டார்கள். ஒருத்தருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஆள் என்பது உனக்குத் தெரியாததா? "பாப்பம்" என்றிருப்பார். அந்தக் கோதாரி விழுந்த "பாப்பம்" எங்களை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். உன் மகள் அபியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இது பத்திரிகையில் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். எப்படி முடிந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியாது.

என்னைத்தான் உனக்குத் தெரியுமே. கையில் கட்சிக் கார்டும் இல்லை, கழுத்தில் தாலியும் இல்லை. "சுயேச்சை" என்று நீதானே எனக்குப் பட்டம் வைத்தாய். இந்த நாட்டில் ஒருமுறை சிவப்புக் கட்சிக்குப் போட்டேன், ஒருமுறை நீலத்துக்கு, ஒருமுறை செம்மஞ்சளுக்கு. ஆளைப் பார்த்துத்தான் போடுவேன். நகரசபைத் தேர்தலில் கட்சி நிறமே கிடையாது, அதனால் எனக்கு அதில் ஒரு தனி விருப்பம். பஸ் நேரத்துக்கு வருகிறதா, பனி வழிக்கிறார்களா, வாடகைக்கு இருக்கிற சனத்தின் லிப்ட் வேலை செய்கிறதா? கேள்வி அவ்வளவுதான். நாங்கள் இருந்த பழைய பில்டிங்கில் ஹீற்றர் நின்றபோது மாடி மாடியாக ஏறி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினவர் சிவமண்ணை. என் வோட்டு அவருக்குத்தான் என்றிருந்தேன்.

ஒருநாள் வேலையால் வந்து பார்த்தால் என் வீட்டுப் புல்லிலும் அவர் நின்று சிரிக்கிறார்! அந்தத் தேர்தல் பலகையை நட்ட பிள்ளை இன்னும் பக்கத்து வீட்டு வாசலில்தான் நின்றாள்.

"என்ன பிள்ளை, ஒரு சொல்லுக் கேக்காமல் நட்டிருக்கிறியள்?"

"சொறி அன்ரி. வாசலில மாவிலை கட்டிக் கிடந்தது. எங்கட ஆக்கள்தானே எண்டு நட்டனான்."

பிளாஸ்டிக் மாவிலை, தேவி. நீ வாங்கித் தந்ததுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் "எங்கட ஆக்கள்" என்ற அந்தச் சொல் தொண்டையில் மீன்முள்போல நின்றது. ஏன் என்று அப்போது பிடிபடவில்லை.

சரி, அபியின் விசயத்துக்கு வருகிறேன். உன் ஒரே மகள் நாளைக்கு நிலாவைக் கல்யாணம் கட்டப்போகிறாள். நீ ஆசுப்பத்திரியில் கிடந்தபோது பக்கத்து நகரம் ஒஷாவாவிலிருந்து பின்னேரங்களில் வந்து உன் தலையை வாரிவிட்ட அதே நிலாதான். "இவளின்ர கை பட்டால் நோகுதில்லையடி" என்று நீ எனக்குச் சொன்னாய். அவளின் தாய் தகப்பனுக்கு ஊர் மட்டக்களப்பு. பெடியன் மட்டக்களப்பு என்றாலே எங்கட வடக்குச் சனம் மூக்கைச் சுழிக்கும், இது பெட்டை! நிலாவின் தாய் கொஞ்ச நாள் சாப்பிடாமல் கிடந்து அழுதாவாம். பிறகு ஒருநாள் அபியைக் கூப்பிட்டு, "மகள், உங்களுக்கு உறைப்பு எவ்வளவு போடுற?" என்று கேட்டு மீன்குழம்பு வைத்துக் கொடுத்தாவாம். அதோடு அந்த வீட்டில் கதை முடிந்தது. சிவமண்ணை என்ன சொன்னார் என்று நான் உனக்குச் சொல்லவும் வேண்டுமா? "பாப்பம்."

கோயில் மண்டபம் வேண்டாம் என்று பிள்ளைகளே முடிவெடுத்து, நகரசபையின் சிவிக் சென்ரரில் கல்யாணம் செய்துவைக்கும் சின்ன அறையைப் பிடித்தார்கள். சனிக்கிழமை கல்யாணம், திங்கட்கிழமை தேர்தல். அவர்கள் நாள் வைத்தபோது இவர் எலெக்சன் கேட்கிற கதையே இல்லை.

போன மாதம் ஒரு விருந்து மண்டபத்தில் கூட்டம். நானும் போயிருந்தேன். முன்வரிசையில் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருத்தர் எழும்பினார். பெயர் வேண்டாம். எங்கட சனத்தின் வோட்டெல்லாம் தன் பொக்கற்றுக்குள் என்று சொல்லித் திரிகிறவர்.

"அண்ணை, ஒண்டு கேக்கவேணும். பொம்பிளைக்குப் பொம்பிளையையும் ஆம்பிளைக்கு ஆம்பிளையையும் நகரசபைக் கட்டடத்திலயே வைச்சுக் கட்டிக் குடுக்கினம், எங்கட வரிக்காசில. நீங்கள் வந்தால் என்ன செய்வியள்?"

கல்யாணச் சட்டம் ஒட்டாவாவில் இருக்கிற மத்திய அரசின் வேலை. அது இந்த நாட்டில் சட்டமாகி இருபது வருசத்துக்கு மேலாகிவிட்டது. கவுன்சிலர் குப்பை வண்டியைப் பற்றிக் கேட்கலாம், பஸ்ஸைப் பற்றிக் கேட்கலாம். ஆர் ஆரைக் கட்டுவது என்று கேட்க அவருக்கு ஒரு அலுவலும் இல்லை. உன் மனுசன் இதை ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம். மைக்கைப் பிடித்துக்கொண்டு முதலில் தண்ணீர் குடித்தார். பிறகு, "எங்கட பண்பாட்டை நான் விட்டுக்குடுக்க மாட்டன். நான் வந்தால் உதுக்கொரு முடிவு கட்டுவன்" என்றார்.

மண்டபம் இடிகிற மாதிரிக் கைதட்டு. தட்டினவர்களில் பாதிப் பேர் நல்ல சனம், தேவி. உன் செத்தவீட்டுக்குச் சோறு சமைத்துக்கொண்டு வந்தவர்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

தேத்தண்ணி குடிக்கும்போது அந்த வெள்ளைச் சேட்டு மெல்லப் பக்கத்தில் வந்தது. "மகளைக் கூட்டங்களில காணேல்லையே அண்ணை?"

"அவள்... வன்கூவரில வேலை."

"வன்கூவரோ? போன கிழமை ஒஷாவாவில கண்ட மாதிரிக் கிடந்துது." சிரித்துக்கொண்டே ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார்.

நான் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டேன். இதே நகரத்தில், பஸ்ஸில் அரை மணித்தியாலத்தில் போய்ப் பார்க்கக்கூடிய பிள்ளையை உன் மனுசன் ஒரு சொல்லில் கண்டத்தின் மற்றக் கரைக்கு அனுப்பிவிட்டார். அந்த ஆளுக்கு அது பொய் என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டார்.

பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்கியது. சாறிக் கடையில் அபியும் நிலாவும் துணி பார்த்துக்கொண்டு நின்றதை ஆரோ படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். கீழே ஒரு வரி: "இது ஆரின்ர பிள்ளை எண்டு தெரியுமோ?" நிலா வேலை செய்யும் மருந்துக் கடைக்குப் போன் வந்தது. "கல்யாணம் எத்தினை மணிக்கு?" என்று தமிழில் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். அபியின் பில்டிங் வாசலுக்கு நேரெதிரே ஒரு சாம்பல் நிறக் கார், பட்டப்பகலில், உள்ளே ஆக்களோடு. பொலிசுக்குச் சொன்னோம். வந்து விசாரித்து எழுதிக்கொண்டு போனார்கள். றோட்டில் காரை நிற்பாட்டுவது குற்றமில்லையாம். "அன்ரி, ஐ ஆம் நொட் ஸ்கெயார்ட். ஜஸ்ட் டயர்ட்" என்கிறாள் உன் மகள். ஆனால் கதவுக்குப் புதிதாக இன்னொரு பூட்டுப் போட்டிருக்கிறாள்.

இந்தக் கிழமை சிவமண்ணை என் வீட்டுக்கு வந்தார். காரை முன்னால் விடாமல் பின்பக்க ஒழுங்கையில் விட்டுவிட்டு நடந்து வந்தார்.

"சரோ, நீர் சொன்னால் அவள் கேப்பாள். எலெக்சன் முடியுமட்டும் தள்ளிவைக்கச் சொல்லும்."

"எலெக்சனில வெண்டால்?"

"வெண்டால்... பிறகு பாப்பம்."

"வெண்டால் இன்னும் நாலு வருசம் பிள்ளை வன்கூவரில இருக்கவேணுமோ?"

"நானும் தகப்பன்தான் சரோ. எனக்கு அவளில பாசமில்லையே? போட்டியில இருந்து விலகிற நாளும் முடிஞ்சுது. அவங்கள் ஆரெண்டு உமக்குத் தெரியாது."

"எனக்கு நல்லாத் தெரியும் சிவமண்ணை. நீ ஆரின்ர ஆள் எண்டு கேக்கிறவங்கள்."

அந்தச் சொல் என் வாயில் வந்த பிறகுதான் முள் எங்கே நின்றது என்று எனக்கே தெரிந்தது. அந்தச் சண்டைக் காலத்தில் உன் தம்பியை ஊரில் துவக்குக்காரர் சைக்கிளோடு மறித்துக் கேட்ட கேள்வி அதுதானே, தேவி? அவன் ஒருத்தருடைய ஆளும் இல்லை. டியூசனுக்குப் போன பிள்ளை. என்ன மறுமொழி சொன்னானோ, அதன் பிறகு அவன் வீட்டுக்கு வரவில்லை. ஊர் ஊராகப் போய் அவனைத் தேடித் திரிந்தவர் இதே சிவமண்ணைதான். "எங்கட ஆள்" என்று ஒருத்தன் தோளில் கை போட்டால், அடுத்ததாக அந்தக் கேள்வியும் வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் நான் அழவில்லை.

"நான் என்ன செய்யிறது, சொல்லும்?"

"கல்யாணத்தைப் பற்றி நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். எனக்கொரு மகள் இருக்கிறாள், இஞ்சதான் இருக்கிறாள் எண்டு அந்த மைக்கில சொல்லுங்கோ. அவ்வளவு காணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "பாப்பம்" என்றார்.

எனக்கு வந்த விசர்க்கோபத்தில், அவர் போகும்போது அவருடைய பலகையைப் புல்லிலிருந்து பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். தன் சிரித்த முகத்தைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு ஒழுங்கையால் போனார், பாவம்.

ஒன்று யோசிக்கிறேன். இந்தக் கல்யாணம் பிழை என்று மனதார நம்புகிற ஒருத்தராக அவர் இருந்து, பஸ்ஸுக்கும் வாடகைச் சனத்துக்கும் ஒழுங்காக நிற்பார் என்றால் நான் போட்டிருப்பேனா? முந்தி என்றால் போட்டிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருகுதில்லை. சொந்தப் பிள்ளை இருக்கிற இடத்தைச் சனத்துக்கு முன்னால் விழுங்கினவர், நாளைக்கு ஆரோ ஒரு வீட்டுச் சொந்தக்காரன் முறைத்துப் பார்த்தால் எங்களை விழுங்கமாட்டாரா? மற்ற வேட்பாளரையும் பார்த்தேன். இப்படியான கல்யாணங்களுக்குத் தான் ஆதரவு என்று வானவில் போட்ட துண்டுப்பிரசுரம் ஒன்று அனுப்பியிருந்தார். பஸ் விசயமாக இரண்டு முறை போன் எடுத்தேன், ஒருத்தரும் திருப்பி எடுக்கவில்லை. வானவில்லைக் காட்டினால் நான் அவருடைய ஆள் என்று அவருக்கும் ஆரோ சொல்லியிருக்கிறார்கள்.

இன்று மத்தியானம் போன் அடித்தது. சிவமண்ணை.

"சரோ, நாளைக்கு எத்தினை மணிக்கு?"

என் நெஞ்சு துள்ளிவிட்டது. "வாறீங்களோ அண்ணை? மெய்யாகவோ?"

காரின் சிக்னல் டிக் டிக் என்று கேட்டது. பிறகு அவருக்குப் பக்கத்திலிருந்து இன்னொரு குரல், அடக்கமாக: "கேட்டீங்களோ? என்னவாம்?"

ரோல்ஸ் கடித்துக்கொண்டு கதைத்த அதே குரல்.

"பிள்ளையிட்டக் கேளுங்கோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவர் வர ஆசைப்பட்டுக் கேட்டாரா, அவர்கள் கேட்கச் சொல்லிக் கேட்டாரா? இரண்டுமா? நீ என்றால் அந்த ஒரு வசனத்திலேயே பிடித்திருப்பாய். நானும் எத்தனையோ தடவை அதை மனதுக்குள் திருப்பிக் கேட்டுப் பார்த்துவிட்டேன். எனக்குப் பிடிபடவில்லை, தேவி.

பிள்ளைகளுக்கு உடனே சொன்னேன். "கல்யாண நாளை மாத்துவமா?" என்று நிலா கேட்டாள். "நோ வே. அம்மாட கூறைச் சாறிக்கு பிளவுஸ் தைச்சாச்சு" என்றாள் அபி. சிவிக் சென்ரர் காவல்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். நிலாவின் தாய் தகப்பன் விடியவே ஒஷாவாவிலிருந்து வெளிக்கிடுவார்கள். உன் மகளின் பக்கத்துக்கு நான் ஒருத்திதான். சாட்சிக் கையெழுத்தும் நான்தான் போடவேண்டும்.

கேள், தேவி. நாளைக்கு முதல் ஆளாகப் போய் அந்த அறை வாசலில் நிற்பேன். உன் மனுசன் தனிய வந்தால், ஒரு கேள்வியும் கேட்காமல் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் முன் கதிரையில் இருத்துவேன். கையெழுத்துப் போடுகிற பேனாவையும் அவரிடம் கொடுத்துவிடுவேன். திங்கட்கிழமை என் வோட்டும் அவருக்குத்தான், அது ஒன்று மட்டுமே அவருக்கு விழுந்தாலும். ஆக்களோடு வந்தாரோ, வாசலை விட்டு அசைய மாட்டேன். அவர்களை மறிக்கிறதுபோல அவரையும் மறிப்பேன். அபி உள்ளிருந்து அப்பா என்று கூப்பிட்டாலும் விடமாட்டேன். நீ கும்பிட்ட மனுசன் என்று பார்க்க மாட்டேன், நீ என்னைக் கோபிக்கக்கூடாது. இரண்டு பேரையும் கட்டி முடித்து, என் கையால் காரில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் உன்னோடு இனிக் கதைப்பேன். இது சத்தியம்.

உன் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் பெரியம்மா,
சரோ